சப்பரம் திரும்ப இடம்

சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறி ஏறி உப்புப் பாத்தியில் படிகம் பூத்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் மணல்துறையில் பனி விழுந்தது. மார்கழியில் புல்நுனியில் நிற்குமே அந்தப் பனி இல்லை. பஞ்சுப் பஞ்சாக வானத்திலிருந்து இறங்கி, பனைமரத்தின் கொண்டையிலும், டீக்கடைக் கூரையிலும், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் முதுகிலும், காயப்போட்ட கருவாட்டின் மேலும் விழுந்து, விழுந்து, சாயங்காலத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு நின்ற பனி. ஏன் விழுந்தது என்று கேட்டுக் கருவிகளோடு வந்தவர்கள் உண்டு, கண்ணாடிக் குப்பியில் அள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களிடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான். விழுந்தது, அவ்வளவுதான், விழுந்த பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள், சொல்கிறோம்.

நாங்கள் என்றால் உப்பள வரிசைக்காரர்கள். ஊரின் நடுவில் உப்பங்கரை அம்மன் கோயில், அதைச் சுற்றி நான்கு வீதிகள், வடக்கு வீதியும் கீழவீதியும் சேருகிற முக்கில் ஒரு வேப்பமரம், அந்த மரத்தைத் தாண்டி உப்பு லாரி போகிற மண்பாதை, அந்தப் பாதையின் கடைசியில் பாத்திகளைப் பார்த்தபடி ஒரே வரிசையாக எங்கள் வீடுகள். உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்தவர்கள் என்பதால் வெள்ளையாக எதைக் கண்டாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கும் வரிசையே வாசலுக்கு வந்து, குனிந்து, ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தது.

"கரிக்கலியே" என்றாள் ஒருத்தி.

"சப்புன்னு கெடக்கு. இதை எவன் வாங்குவான்" என்றார் இன்னொருவர். அத்தோடு அந்த அதிசயத்தின் மீது எங்களுக்கு இருந்த பாதி மரியாதை போய்விட்டது.

ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மீன்காரப் பெண்கள் முதல் நாளே கூடையின் அடியில் பனியை அடைத்து மேலே பாரைமீனையும் விளைமீனையும் அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். கோலமாவு தரையில் தெரியவில்லை என்று பெண்கள் செங்கல்லை இடித்துச் சிவப்புக் கோலம் போட்டார்கள், அது வெள்ளைக் கோலத்தைவிட எடுப்பாக இருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ரேஷன் கடையில் வரிசைக்குப் போட்ட செருப்புகள் புதைந்துபோனதால், ஆளுக்கொரு தென்னம்பாளையை நட்டு இடம் பிடித்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் இதை மழைக்கணக்கில் எழுதுவதா, சேதக்கணக்கில் எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் விடிந்தபோது, "இன்னிக்கும் விழுதா?" என்று கேட்பது, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைப் போல ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் பழகிக்கொண்ட ஊரால் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கொடைத் திருவிழா. உச்சிப் பொழுதில் அம்மன் சப்பரத்தில் ஏறி நான்கு வீதியும் சுற்றி வரவேண்டும். எங்கள் சப்பரம் தோளில் தூக்குகிற சப்பரம் இல்லை, நான்கு மரச் சக்கரம் வைத்து வடம் பிடித்து இழுக்கிற சப்பரம். முழங்கால் பனியில் சக்கரம் எப்படி உருளும்?

இங்கேதான் வடிவுக்கனி வருகிறாள்.

வடிவுக்கனி உப்பு வாருகிறவள், எங்கள் வரிசையில் கடைசி வீடு. மணல்துறையில் பெருமைக்கென்று ஒரு கடை திறந்தால் கல்லாவில் அவள்தான் உட்காரவேண்டும். தன் பாத்தி உப்பைப்போல் வெள்ளை உப்பு இந்தக் கடற்கரையிலேயே கிடையாது என்பாள். தன் புருஷன் சுயம்பு லேத் பட்டறையில் வைத்த வெல்டிங்கை யானை இழுத்தாலும் பிரிக்க முடியாது என்பாள். தான் வைத்த சாளைமீன் குழம்பின் வாசத்துக்குக் கப்பலே கரை ஒதுங்கும் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளிடம் ஒரு வண்டி இருந்தது. நான்கு தடித்த டயர், மோட்டார் சைக்கிள் கைப்பிடி, எருமை முதுகைப்போல் ஒரு சீட்டு. கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சவாரி விட்டுக்கொண்டிருந்த அவளுடைய தம்பி வெளிநாட்டுக்குப் போகும்போது அக்காவிடம் விட்டுவிட்டுப் போன மணல் பைக் அது. மணல், சேறு, வரப்பு எதுவானாலும் ஏறும். அதில் குடிதண்ணீர்க் குடங்களைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கனி வீதியில் வருகிறபோது, "எருமை வருது, ஒதுங்குங்கவே" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். "எருமைதான். ஒங்க வீட்டுப் பசு இந்த மணல்ல ஏறுமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இவ்வளவு பேசுகிற கனி ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். அது அந்தத் தேங்காய்.

சப்பரம் வாசலுக்கு வரும்போது விடலை போடுவது எங்கள் ஊர் முறை. வீட்டுக்கு ஒரு தேங்காய், சக்கரத்துக்கு முன்னால் ஓங்கி அடித்துச் சிதறடிக்கவேண்டும், சிதறியதை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம், போட்ட வீட்டுக்காரர் மட்டும் ஒரு சில்லைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. கல்யாணமாகி இந்த வரிசைக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு கொடைக்கும் கனி சந்தையில் காதோரம் வைத்துக் குலுக்கிக் குலுக்கி ஒரு தேங்காய் எடுப்பாள், மஞ்சள் பூசுவாள், பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து வாசலில் நிற்பாள். கொட்டுச் சத்தம் வடக்கு வீதியில் வளர்ந்து வளர்ந்து வரும், வேப்பமரத்து முக்குக்கு வந்ததும் சற்று நிற்பதுபோல் இருக்கும், பிறகு கீழவீதியில் திரும்பிக் குறைந்து குறைந்து போய்விடும். கனி தாம்பாளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போவாள். மறுநாள் காலை அந்தத் தேங்காயை இட்லிக்குச் சட்னி அரைப்பாள். சுயம்பு சாப்பிடுவான், கேட்டால் எங்களுக்கும் கொடுப்பாள். அவள் மட்டும் அதைத் தொடமாட்டாள்.

சப்பரம் ஏன் வரவில்லை என்று கேட்டால் தர்மகர்த்தா குற்றாலிங்கம் அண்ணாச்சி எந்த வருஷமும் ஒரே பதிலைத்தான் சொல்வார். பாதை சரியில்லை, சக்கரம் புதைந்துவிடும், புதையாவிட்டாலும் அங்கே சப்பரம் திரும்ப இடமில்லை. மூட்டை மூட்டையாக உப்பு ஏற்றிய லாரிகள் தினமும் அதே பாதையில் வந்து அதே இடத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மனுக்குத் தெரியாமல் இருக்குமா?

பனி விழுந்த நான்காம் நாள் கனி கோயில் வாசலுக்குப் போய், வண்டியிலிருந்து இறங்காமலே, "அண்ணாச்சி, நாலு வீதியையும் நான் தள்ளித் தாரேன்" என்றாள்.

"நீயா? எதை வச்சு?"

"எருமையை வச்சுத்தான். ஒரு பலகை கட்டுனா பனி வழிவிட்டு நிக்கும். ஒண்ணு மட்டும் சொல்லும். எங்க வரிசைக்கும் பாதை தள்ளிவிட்டா அம்மன் வருவாளா?"

கூடியிருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மேலே பார்த்தார், வானம் முழுக்கப் பனி கட்டிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு நாள் விழுந்தால் கோயில் கதவையே திறக்க முடியாது. கொடை நின்றுபோனது யார் காலத்தில் என்று நாளைக்கு ஊர் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்லும். அவர் பெரிதாகச் சிரித்தார்.

"பாதை இருந்து, சப்பரம் திரும்ப இடமும் இருந்தா, அம்மன் வராம இருப்பாளா? நான் என்ன அவளைப் புடிச்சா வச்சிருக்கேன்?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டியளா?" என்றாள் கனி. எல்லாரும் கேட்டோம்.

சுயம்பு ஒரு தார் டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்தான். பாதி டிரம் உள்வளைந்து நின்றதால் பனியைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டுபோகும் என்றான். அடியில் லாரியின் பழைய வில்பட்டையை வைத்து விளிம்பு கட்டினான், மண்ணைச் சுரண்டாமல் ஒரு விரல்கடை உயரத்தில் நிற்க இரண்டு பக்கமும் இரும்பில் பாதம் வைத்தான், ஏற்றி இறக்கக் கைப்பிடியோரம் ஒரு நெம்புகோல் வைத்தான். டயர் வழுக்காமல் இருக்கத் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். எல்லாம் சரியாகத்தான் செய்தான், ஒன்றைத் தவிர. பலகையை வண்டியின் பின்னால் வைத்துவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது, வரிசையே சுற்றி நின்று பார்த்தோம், ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நாங்கள் உப்பை வாருபலகையால் இழுத்து இழுத்துப் பின்னால் நடக்கிறவர்கள். பலகை என்றால் இழுப்பது, தள்ளுவது இல்லை. கனியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல், நேராக வடக்கு வீதிக்குள் வண்டியை விட்டாள். டயர்கள் முதலில் பனியில் ஏறி அதைக் கல்லாக மிதித்தன, பின்னால் வந்த பலகை அந்தக் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு பிடி பனிகூட நகரவில்லை, பாதி வீதியில் வண்டி நின்றேவிட்டது. தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. அண்ணாச்சி வீட்டு மாடியிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கனி இறங்கி, பலகையைப் பார்த்தாள், வீதியைப் பார்த்தாள், சிரித்தவர்களைப் பார்த்தாள். "எருமைக்குக் கொம்பு வால்பக்கம் வச்சிட்டாரு எம் புருஷன். மாத்தி வச்சுட்டு வாரேன், அதுவரைக்கும் சிரிச்சு முடிச்சிருங்க" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கொம்பு முன்பக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வேலை கற்றுக்கொண்டதைப் பார்க்கவேண்டுமே! பலகையை நேராக வைத்தால் பனி முன்னால் மலையாகக் குவிந்து வண்டியை நிறுத்துகிறது, சற்றுச் சாய்த்து வைத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வருகிறது. வேகமாகப் போய் முட்டக் கூடாது, சின்ன கியரில் ஒரே சீராகப் போகவேண்டும். முதல் தடவையிலேயே வீட்டுச் சுவர்வரை ஒதுக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு விழுகிற பனியைத் தள்ள இடமிருக்காது. நிறைய விழட்டும் என்று காத்திருக்காமல் கொஞ்சம் விழும்போதே ஒருமுறை போய் வந்துவிடவேண்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர அறிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் பிறக்கவுமில்லை. வண்டி போகப் போக எங்கள் வரிசைப் பெண்கள் கூடையில் கல்லுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து, விதைக்கிறதுபோல் வீசிக்கொண்டே போனார்கள். உப்புப் பட்ட இடத்தில் மிச்சப் பனியும் கரைந்து தரை கறுப்பாகத் தெரிந்தது. விற்கிற உப்பைத் தெருவில் கொட்டுகிறோமே என்று ஒருத்தி கேட்டாள். அம்மன் நடக்கிற தெருவுக்கு எங்கள் உப்பு, இதைவிட என்ன வேண்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். கேட்டவளும் கூடையை மறுபடி நிரப்பிக்கொண்டாள்.

கொடைச் செவ்வாய்க்கிழமை விடியும்போது பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. அதுவரை விழுந்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோல் விழுந்தது. தள்ளிய நான்கு வீதியும் மறுபடி மூடிப்போய், எது வீதி, எது சாக்கடை, எது அண்ணாச்சி வீட்டுத் தோட்டம், எது எங்கள் உப்பு லாரிப் பாதை என்று தெரியாமல் ஊரெல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. கனி வண்டியில் ஏறி உட்கார்ந்து ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உப்புக்கூடையோடு நின்றேன்.

"பாத்தீயளா மைனி" என்றாள் என்னிடம். "இன்னிக்கு ஊர்ல ரோடே கெடையாது. நான் எங்கன போறேனோ அதுதான் ரோடு."

உச்சிப் பொழுதுக்குள் தெற்கு வீதியைத் தள்ளினாள், மேலவீதியைத் தள்ளினாள், வடக்கு வீதியைத் தள்ளினாள்; அன்றைக்கு அந்த வீதிகளுக்கு நாங்கள் உப்பு வீசவில்லை. அம்மன் சப்பரத்தில் ஏறினாள். வடம் பிடித்தவர்கள், கொட்டடிக்கிறவர்கள், காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் முறைப்படி வெறுங்காலோடு நடந்தார்கள். சப்பரம் தெற்கு சுற்றி, மேற்கு சுற்றி, வடக்கு வீதியின் கடைசிக்கு வந்து, வேப்பமரத்து முக்கில் நின்றது.

வலது கைப்பக்கம் கீழவீதி. அங்கே பனி இடுப்புயரத்துக்கு, காக்கை காலடிகூடப் படாமல் கிடந்தது. நேரே எங்கள் பாதை. இரண்டு பக்கமும் மார்பளவு வெள்ளைச் சுவர், நடுவில் உப்புப் போட்டு உலர்ந்த கறுப்புத் தரை, ஓலைப்பாய் விரித்ததுபோல் வரிசைவரை நீண்டு கிடந்தது.

"என்ன கனி இது? கீழவீதி எங்க?" என்றார் அண்ணாச்சி.

கனி வண்டியில் உட்கார்ந்தபடியே வேட்டியெல்லாம் பனியாக நின்ற அவரைப் பார்த்துச் சொன்னாள். "அது எங்கயும் போயிரலை அண்ணாச்சி. நீங்க வரிசைக்குப் போய்ட்டு வாங்க, நீங்க திரும்பி வாரதுக்குள்ள கீழவீதியைத் தள்ளி வச்சிருதேன்."

"திரும்பி வரணும்லா? அங்கன எங்க இடம் இருக்கு திரும்ப?"

"வந்து பாரும்."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குள் கொட்டடிக்கிற சங்கரபாண்டி, பனியில் நின்று நின்று பாதம் மரத்துப்போய், இடது காலை வலது காலின் மேல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவன், கறுப்பாகத் தெரிந்த அந்தத் தரையில் ஒரு காலை எடுத்து வைத்தான். வைத்ததும் அவன் முகம் மலர்ந்தது. மற்றக் காலையும் வைத்தான். கை தானாகக் கொட்டில் விழுந்தது. அவன் பின்னால் மேளக்காரர் வந்தார், வடம் பிடித்தவர்கள் வந்தார்கள், வெறுங்கால்கள் ஒவ்வொன்றாகப் பனியை விட்டு எங்கள் உப்பின் மேல் இறங்கின. வடம் விறைத்தது, சக்கரம் ஒருமுறை முனகியது, அம்மன் வேப்பமரத்தைத் தாண்டினாள். அவள் அந்த மரத்தைத் தாண்டி நாங்கள் பார்த்ததே இல்லை.

தாண்டிய பிறகுதான் கனி வண்டியை முறுக்கிக்கொண்டு, கீழவீதிப் பக்கம் போகாமல், பனிச்சுவரை உடைத்து, பாத்தி வரப்பின் மேல் ஏறிக் குறுக்காக வரிசைக்குப் பறந்தாள். அங்கே ஒரு வேலை மிச்சமிருந்தது. சப்பரம் திரும்பும் வட்டத்தை அவள் தள்ளிவைத்திருந்தாலும், வீட்டு வாசல்களை ஒட்டிய பனி அப்படியே நின்றது. பலகையால் முன்னால் தள்ளினால் அது கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும். அந்த ஓரப் பனி இருக்கிறவரை வட்டம் சின்னது, சப்பரம் திரும்பாது. கொட்டுச் சத்தம் பாதையில் வளர்ந்து வளர்ந்து வந்துகொண்டிருந்தது.

கனி பலகையைத் தூக்கினாள், வாசற்படிக்கு ஒட்டிக் கொண்டுபோனாள், பலகையைப் பனிக்கு அந்தப் பக்கம் இறக்கினாள், வண்டியைப் பின்னால் எடுத்தாள். பனி மொத்தமாக அவளோடு சேர்ந்து வந்தது. அதை நடுவில் விட்டு, சுற்றி வந்து கடற்கரைப் பக்கம் தள்ளினாள். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல், இழுத்து இழுத்துப் பின்னால், பின்னால், பாத்தியில் இறங்கிய முதல் நாளிலிருந்து அவள் உடம்பு அறிந்த அதே வேலை. கழுத்தைத் திருப்பி, உதட்டைக் கடித்து, பின்னால் பார்த்தபடி அவள் அந்த வண்டியை ஓட்டியதைப் பார்க்கையில், வடக்கு வீதி பார்த்துச் சிரித்த அந்தப் பழைய இழுப்புத்தான் இது என்பதே எனக்கு மறந்துபோய், கூடையைப் போட்டுவிட்டுக் கைதட்டினேன். வரிசையே கைதட்டியது. கடைசி வாசல் அவளுடையது. அதை இழுத்து முடித்து அவள் வண்டியை ஓரம் நிறுத்தவும் சப்பரத்தின் முன்சக்கரம் வரிசைக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வீடு விடலை விழுந்தது. குழந்தைகள் பனிக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவிச் சில்லுப் பொறுக்கினார்கள். கடைசி வீட்டின் முன்னால் சப்பரம் வந்து நின்றபோது கனி தாம்பாளத்தோடு வாசலில் நின்றாள், முந்தானை இன்னும் இடுப்பிலேயே செருகியிருந்தது, முகத்தில் பனியும் வேர்வையும் வழிந்தன. அம்மனுடைய முகத்தை எதிர்த்தாற்போல், அவ்வளவு பக்கத்தில், தன் வாசலில் வைத்துப் பார்த்தாள். தேங்காயைக் கையில் எடுத்தவள், சந்தையில் செய்வதுபோல் அதைக் காதோரம் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.

"ஏளா, போடு" என்றான் சுயம்பு மெதுவாக. "அம்மன் ஒனக்காகத்தான் நிக்கா."

கனி தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தாள். அது சிதறின சத்தம் வேப்பமரத்து முக்குவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அவள் அழுதாள், அழுகிறோம் என்று வெட்கப்படவும் இல்லை.

பிறகு சப்பரம் திரும்பியது. வடம் பிடித்தவர்கள் ஒரே இழுப்பில், எங்கும் முட்டாமல், அகலமாக, நிதானமாகத் திருப்பினார்கள். திரும்பிய பிறகும் இரண்டு பக்கமும் ஆள் நின்று கும்பிட இடம் மிச்சமிருந்தது. குற்றாலிங்கம் அண்ணாச்சி அந்த இடத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இடம் இருக்கத்தான் செய்யுது" என்றார்.

"எப்பவும் இருந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கனி வண்டியில் ஏறினாள். கொடுத்த வாக்குப்படி, சப்பரம் வேப்பமரத்துக்குத் திரும்பி வருவதற்குள் கீழவீதியை ஒரு பொட்டுப் பனியில்லாமல் தள்ளி வைத்திருந்தாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று ஒதுங்கினார்கள். யாரும் எருமை என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்துத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் பனி நின்றது, வந்ததுபோலவே, காரணம் சொல்லாமல். மறுநாள் வெயில் பழையபடி அடித்து ஊர் முழுக்க ஈரமானது. எங்கள் வரிசையின் முன்னால் உப்பும் பனித்தண்ணீரும் ஊறிய களிமண்ணில் பதிந்த சப்பரச் சக்கரத்தின் வட்டம் மட்டும் காய்ந்து, கல்லாக இறுகி, அப்படியே நிற்கிறது. உப்பு லாரிகள்கூட இப்போது அந்த வட்டத்தின் மேல்தான் திரும்புகின்றன. வந்து பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

பனி நின்ற மறுநாள் காலை வழக்கம்போல் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் கனி வீட்டுக்குப் போனேன். கொடைக்கு மறுநாள் அவள் வீட்டுச் சட்னி எங்களுக்கெல்லாம் பழக்கம். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தொட்டு, வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்னி இல்லையாளா?" என்றேன்.

"தேங்கா இல்ல மைனி" என்றாள் வடிவுக்கனி, தெருவுக்கே கேட்கும்படி.